கதவு முதுகுப் பக்கம் இருக்கட்டும்

என் அன்பு மகனுக்கு,

நீ கட்டாரிலிருந்து அனுப்பிய படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சட்டையெல்லாம் வெள்ளைத் தூள், கன்னத்தில் கரி, கையில் சிவப்புத் தீயணைப்புக் கருவி, பல் முப்பத்திரண்டும் தெரிகிற சிரிப்பு. பக்கத்து வீட்டு மல்லிகாவிடம் காட்டினேன். மகன் சினிமாக்காரர் மாதிரி இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு, நீ சொல்லித் தந்தபடி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் முகத்தைப் பார்க்க அல்ல. படத்தின் ஒரு ஓரத்தில் நீ நிற்கிறாய், உன் முதுகுக்குப் பின்னால் கூரைவரை அட்டைப்பெட்டிகள். நடுவில் கருகிப்போன தரை. அதற்கும் அப்பால், படத்தின் மற்ற ஓரத்தில், பச்சை விளக்கு எரிகிற வாசல். உனக்கும் வாசலுக்கும் நடுவில் தீ இருந்திருக்கிறது. நீ சொன்னதைப் பார்த்தால், உன் கூட்டாளிகள் எல்லாரும் வெளியே போய்விட்ட பிறகு நீ தனியாக உள்ளே நின்றிருக்கிறாய்.

அன்றைக்கே ஃபோனில் கேட்டேன், கதவு எந்தப் பக்கம் இருந்தது என்று. நீ சிரித்தாய். "அதான் அணைஞ்சிருச்சுல்லம்மா, இனிமே கதவு எங்க இருந்தா என்ன?" என்றாய். கம்பனி உனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்ததையும், களஞ்சியத்தின் தீயணைப்புக் குழுவுக்கு உன்னையே தலைவனாகப் போட்டதையும் சொன்னாய். அடுத்த தடவையும் நான்தான் முன்னால் நிற்பேன் என்று வேறு சொன்னாய். சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று எதையோ கேட்டு வைத்துவிட்டேன். ஃபோனில் நான் எதையாவது நீட்டிப் பேச ஆரம்பித்தால் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடும். கடிதத்திடம் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது, இல்லையா? அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. பாதியில் வைத்துவிட்டுப் போகாதே.

இங்கே மஹய்யாவையில் மழை விட்டபாடில்லை. உன் அப்பா போனதிலிருந்து இந்த வீட்டில் சத்தம் என்றால் தகரத்தில் விழுகிற மழைதான். ஒரு தேங்காய் உடைத்தால் பாதி வீணாகிறது. ஒரு சுண்டு அரிசி போட்டால் மறுநாளும் அதையே சாப்பிடுகிறேன். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் நானும் வணக்கம் சொல்கிறேன், சிரிக்காதே. பகல் எப்படியோ போய்விடும். சாயங்காலம் விளக்கேற்றின பிறகு வருகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குக் கஷ்டம். அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் புடவைக்கடை எரிந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். உனக்கு அது அரைகுறையாகத் தெரியும். அம்மாவுக்கு ஏன் ஆம்பிளைக் குரல் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி பண்ணினார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்த அன்று, கடையில் புகை குடித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். மீதியை உன் அப்பா இருக்கும்வரை பேசக்கூடாது என்று இருந்தது. அவருக்கு அந்தப் பேச்சே ஆகாது.

நான் வேலை செய்த கடை கண்டி டவுனில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் போகிற பக்கம். கீழே சேலை, மேலே தையலறையும் ஸ்டோரும். முதலாளி நம்மவர், பயந்த மனுஷன். அவர் பயத்துக்குக் காரணமும் இருந்தது. தமிழ்க் கடைகளைத் தேடித் தேடி எரித்த அந்த ஆடி மாதத்தில் அவருடைய பழைய கடையும் சாம்பலாகியிருந்தது. அதற்குப் பிறகு கட்டின கடை இது. ஜன்னலுக்கெல்லாம் கம்பி, முன்னால் இரட்டை ஷட்டர், பின்கதவுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் போட்டு இரண்டு பூட்டு. யாரும் வெளியிலிருந்து ஒரு தீக்குச்சிகூடப் போட முடியாதபடி கட்டியிருந்தார். தீ என்றால் அது வெளியிலிருந்துதான் வரும், யாராவது கொண்டுவந்துதான் வைப்பார்கள் என்று அவர் நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பட்டவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? உள்ளேயே தீப் பிடித்தால் நாங்கள் எந்த வழியாக வெளியே போவோம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. தீபாவளிச் சரக்கு வந்து இறங்கியதும் பின்கதவை மறைத்துப் பொதிகளை அடுக்கினோம். இடம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டது நானும்தான்.

மாநகரசபைத் தீயணைப்புக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னதன் பேரில் முதலாளி இரண்டு தூள் கருவிகள் வாங்கினார். ஒன்று கீழே, ஒன்று மேலே தையலறை வாசலில். வந்த ஆள் எப்படிப் பிடிப்பது என்று செய்தும் காட்டினார். நாங்கள் பெண்கள் ஒரு மூலையில் நின்று அவருடைய மீசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். அரைக் காதால் கேட்டதுதான். அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவித் தையல் மெஷின், கத்தரிக்கோல், அளவுகோல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். சிவப்பாகப் புத்தம் புதிதாகத் தொங்குகிற இந்தக் கருவியை மட்டும் விட மனசு வருமா? ஆயுதம் என்றால் அதுவும் ஆயுதம்தானே. கழுத்தில் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, செவ்வந்திச் சரத்தை நான்கைந்து சுற்றுச் சுற்றி, அவிழாதபடி இறுக்கிக் கட்டினோம். நார் கிடைக்காததால் தையலறை நைலோன் நூலில் கோத்த சரம். பூஜை முடிந்தது. பூ வாடி உதிர்ந்தது. சாமிக்குக் கட்டினதைக் கத்தரிக்கோல் போட்டு வெட்டக்கூடாது, தானாக விழட்டும் என்று நூலை அப்படியே விட்டோம். பயத்தில் கதவை அடைத்தோம், பக்தியில் கருவியைக் கட்டிப்போட்டோம். இரண்டையும் நல்லது என்று நினைத்துத்தான் செய்தோம்.

தீபாவளிக்கு முந்தின கிழமை. கடையில் காலை வைக்க இடமில்லை. இடையில் கரண்ட் போனது. மேலே தையல் வேலை பார்த்த பாரூக் நானா, திகனவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற மனுஷன், உனக்கு நோன்புக்கஞ்சி கொண்டுவந்து தருவாரே அவர்தான், வேலை ஓடாது என்று தொழப் போயிருந்தார். அவருக்கு உதவியாக இருந்த பெண்ணும் கீழே வந்துவிட்டாள். ஸ்திரிக்கைப் பெட்டியைத் துணிமேல் கவிழ்த்தபடி, பிளக்கைக் கழற்றாமல் வந்துவிட்டாள். கரண்ட் இல்லாதபோது அது சூடாகவா போகிறது என்று யாரும் நினைப்பார்கள்தானே. கரண்ட் திரும்பி வந்தது. நாங்கள் எல்லாரும் சந்தோஷத்தில் வியாபாரத்தைப் பார்த்தோம். ஒரு அம்மாவுக்கு உள்பாவாடை எடுக்க நான் மேலே போனபோது மேசைமேல் துணி எரிந்துகொண்டிருந்தது. ஒரு குப்பைக்கூடை அளவு தீதான். இப்போது நினைத்தாலும் அவ்வளவுதான்.

நான் முதலில் செய்திருக்க வேண்டியது கத்துவது. "நெருப்பு" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் கீழே இருந்தவர்கள் எல்லாரும் அப்போதே வெளியே போயிருப்பார்கள், யாராவது மெயின் சுவிட்சை இறக்கியிருப்பார்கள், யாராவது தீயணைப்புக்கு ஃபோன் பண்ணியிருப்பார்கள். நான் கத்தவில்லை. தீபாவளி வியாபாரம் கெட்டுவிடும், முதலாளி பதறிப்போவார், சின்ன விஷயத்துக்கு ஊரைக் கூட்டினாள் என்று சொல்லிவிடுவார்கள் என்று என் புத்தி போனது. நாமே சத்தமில்லாமல் அணைத்துவிட்டுப் போய்விடலாம் என்று கருவியை எடுத்தேன். உன் கதையிலும் இதுதானே நடந்திருக்கிறது? அலாரத்தை அடித்தது நீ இல்லை, வெளியே ஓடின நேபாளப் பையன் என்றுதானே சொன்னாய்? அவனுக்குத்தான் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொன்னால் கோபப்படாதே.

கருவியின் கைப்பிடியில் செருகியிருந்த பின்னை இழுத்தேன், வரவில்லை. நூல் அதைச் சுற்றி இறுகியிருந்தது, சந்தனம் காய்ந்து சிமெந்தாகியிருந்தது. நகத்தால் கீறினேன். கத்தரிக்கோல் எரிகிற மேசையில் இருந்தது. தையல்காரர் செய்கிற மாதிரி முடிச்சைப் பல்லால் கடித்தேன். கடிக்க வாயைத் திறந்தால் புகை உள்ளே போகிறது, வாயை மூடினால் நூல் அறுகிறதில்லை. அதற்குள் தீ மேசையை விட்டு ஸ்டோரில் தொங்கின பொலியெஸ்டர் சேலைகளுக்குப் போய்விட்டது. அந்த நேரத்திலாவது அதைப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். தலைமேல் வெள்ளம் போனபிறகும் நான் அந்த முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இது அவிழ்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வெறி. கையில் கருவி இருக்கிறவனுக்குக் கால் நகராது மகனே. அதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். தொழுதுவிட்டுத் திரும்பிய பாரூக் நானா வாடை பிடித்து மாடியேறி வந்து என் கையிலிருந்ததைப் பிடுங்கிக் கீழே போட்டார்.

"போட்டுட்டு வாங்க தங்கச்சி. முதலாளிட கடையத் திருப்பிக் கட்டேலும். மவுத்தானா நீங்க திரும்பி வர ஏலா."

பின்கதவுக்கு இறங்குகிற படிக்கட்டுப் பக்கம் என்னை இழுத்தவர், அங்கே பூட்டும் பொதியும் இருப்பது நினைவு வந்து நின்றார். அந்த ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தேன், அதை இன்றுவரை மறக்கவில்லை. பிறகு இரண்டு பேரும் குனிந்து, தவழ்ந்து, தரையோடு தரையாக முன்படிக்கட்டுக்கு வந்தோம். புகை மேலே இருக்கும், மூச்சு கீழே இருக்கும். வருகிறபோது தையலறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்தார் அவர். அந்தக் கதவு மூடியிருந்ததால்தான் கீழே இருந்த சனம் முழுக்க வெளியே போக நேரம் கிடைத்தது என்று தீயணைப்புக்காரர்கள் பிறகு சொன்னார்கள். உயிர்ச்சேதம் இல்லை. கடையில் மேல்மாடி போனது, எனக்குப் பழைய குரல் போனது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். வெளியே வந்து எங்கே கூடுவது என்று எங்களுக்குள் ஒரு பேச்சும் இருந்ததில்லை. ஆளுக்கொரு பக்கமாகச் சிதறினோம். நான் எதிர்ப்பக்கம் ஒரு மருந்துக்கடைப் படியில், முகத்தில் ஈரத்துவாய்த் துணியோடு, தெருவில் கூடின சனத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். செய்தி கேட்டு உன் அப்பா மாநகரசபை அலுவலகத்திலிருந்து ஓடி வந்து, பொலிஸ் கட்டின கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். காசாளர் ஒவ்வொருவர் பெயராகச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியாக "இருக்கேன்" என்றாள். என் பெயர் வந்தது. எனக்குக் கேட்டது. வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. கையைத் தூக்கினேன், சனத்தில் யாருக்கும் தெரியவில்லை. திரும்பவும் கூப்பிட்டார். மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். பதில் இல்லாததும் உன் அப்பா அப்படியே தார்ரோட்டில், மழைத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். சனத்தின் கால்களுக்கு இடையால் அவர் எனக்குத் தெரிந்தார். நான் உயிரோடுதான் இருந்தேன், ஆனால் அவருக்கு நான் இல்லை. பாரூக் நானா என்னைக் கண்டு சத்தம் போடும்வரை அப்படித்தான்.

கலியாணமான நாளிலிருந்து என்னை "இந்தா", "ஏய்" என்றுதான் உன் அப்பா கூப்பிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கு வெட்கம். அன்றைக்குப் பிறகு தினமும் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே, வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். நான் "இருக்கேன்" என்று சொன்னபிறகுதான் உள்ளே வருவார். அடுப்படியில் கைவேலையாக இருந்து பதில் சொல்லப் பிந்தினால் வாசலிலேயே நிற்பார். நீ சின்ன வயதில் அதை அப்பாவும் அம்மாவும் விளையாடுகிற விளையாட்டு என்று நினைத்து, எனக்கு முந்தி "இருக்கேன்" என்று கத்துவாய். அவர் சிரிக்கமாட்டார். பென்ஷன் எடுத்த பிறகும், சந்திக் கடைக்குப் போய் பாண் வாங்கி வந்தாலும் அப்படித்தான். அவர் போன பிறகு சாயங்காலத்தில் என் பெயரைக் கூப்பிட ஆளில்லை. மற்றவர்களுக்கு நான் அக்கா, அம்மா, மாமி. விளக்கேற்றின பிறகு வருகிற அந்த நேரம் ஏன் கஷ்டம் என்று கேட்டிருந்தால் இதுதான் பதில்.

குழுத்தலைவன் ஆகிவிட்டாய், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஒழுங்காகச் செய். ஒரு கருவியும் பெட்டிகளுக்குப் பின்னால் மறைந்திருக்கக்கூடாது. உங்கள் ஆட்கள் அதில் சட்டையும் துவாயும் தொங்கவிடுவார்கள், எனக்குத் தெரியும். மாதம் ஒரு தடவையாவது ஒவ்வொன்றின் கழுத்தையும் தொட்டுப் பார், அமுக்கம் காட்டுகிற முள் பச்சையில் நிற்கிறதா, பின் மேல் எதுவும் சுற்றியிருக்கிறதா, முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று. எந்தத் தீக்கு எந்தக் கருவி என்று அதில் எழுதியிருப்பதைத் தீ இல்லாத நாளில் வாசித்து வை. கரண்ட் தீக்கும் எண்ணெய்த் தீக்கும் தண்ணீர் கொண்டு ஓடுகிற மடையன் எல்லா ஊரிலும் இருக்கிறான். நேபாளக்காரனுக்கும் வங்காளக்காரனுக்கும் பாஷை புரியாவிட்டால் கையைப் பிடித்துச் செய்து காட்டு. பின்னை இழு, தீயின் அடியைக் குறி வை, அமுக்கு, பக்கவாட்டில் வீசு. தீ நாக்குக்கு அடிக்காதே, வேருக்கு அடி. அது கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோகிற சாமான், அதற்குள் அடங்காவிட்டால் அது உன் தீ இல்லை, தீயணைப்புக்காரனுடைய தீ. அணைந்துவிட்டாலும் அதற்கு முதுகைக் காட்டாமல் பின்னுக்கு நடந்து வா. சாமானுக்காகவோ பத்திரத்துக்காகவோ ஒருவனும் திரும்பி உள்ளே போகக்கூடாது. வெளியே எங்கே கூடுவது என்று இன்றைக்கே ஒரு இடத்தைச் சொல்லி வை. அங்கே ஒவ்வொருவன் பெயரையும் கூப்பிடு, குரல் போனவன் கையைத் தூக்கினால் தெரிகிற மாதிரி எல்லாரையும் முன்னால் நிறுத்து.

எல்லாவற்றுக்கும் முதல், அலாரம். அதற்குப் பிறகு கதவு. கதவு எப்போதும் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கதவும் தீயும் அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம் என்று அகப்பட்டால், கருவியைத் தொடாதே என்று கூடச் சொல்லமாட்டேன், அங்கே அகப்படுகிற மாதிரி உள்ளே போகாதே. உன்னைக் கோழை என்று அந்தக் கம்பனி சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அம்மா கையால் ஒரு பத்திரம் எழுதி அனுப்புகிறேன், அதை மாட்டிக்கொள். கடையைத் திரும்பக் கட்டின பிறகு எங்கள் முதலாளி என்ன செய்தார் தெரியுமா? இரும்புச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற பின்கதவு போட்டார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதலில் அந்தக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கற்பூரம் காட்டுவார். கருவிக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்று நாங்கள் ஆசைப்பட்டபோது, அதை மாட்டியிருந்த சுவரில் வைக்கச் சொன்னார். அந்தச் சுவர்ப் பொட்டை நீயும் பார்த்திருப்பாய், தீபாவளிக்கு உடுப்பு எடுக்க வரும்போது.

நேற்றுச் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உன் படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நினைத்தேனோ, உன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்டுவிட்டு நின்றேன், உன் அப்பா வாசலில் நிற்பாரே, அந்த மாதிரி. மல்லிகா வேலியால் எட்டிப் பார்த்து, "மகன் வந்துட்டாங்களா அக்கா?" என்று கேட்டாள். இல்லை, சும்மா கூப்பிட்டேன் என்றேன். அவள் போய்விட்டாள். மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. அன்றைக்குத் தார்ரோட்டில் உட்கார்ந்த மனுஷனுக்கு என்ன நடந்தது என்று இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு எனக்கு விளங்கியது. பெயரைக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்பது பெரிய கஷ்டம் மகனே. அதை உன் அப்பா ஒரு தடவை பட்டுவிட்டார். என்னால் முடியாது.

இதைப் படித்து முடித்ததும் பதில் எழுதிக்கொண்டிருக்காதே. ஃபோனை எடு. நலம் விசாரிக்க வேண்டாம், கருவியைப் பற்றியும் பேச வேண்டாம். நான் உன் பெயரைக் கூப்பிடுவேன். நீ "இருக்கேன்" என்று மட்டும் சொல்.

அம்மா